டிரைவருக்குக் கொடுத்த நீல அட்டை

விமானக் கம்பெனியிலிருந்து எனக்குக் கோல்டு அட்டை வந்த அன்று, பறக்கிற எனக்கு இருந்த சந்தோஷத்தைவிட, தரையை விட்டு ஒரு அடி எழும்பாத என் வீட்டுக்காரருக்கு இருந்த சந்தோஷம்தான் பெரியது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் டிபன் கடையில் கல்லாவுக்கு மேலே இருக்கும் சாமி படங்களுக்கு நடுவே அதைச் சாய்த்து வைத்து, முருகனுக்கு வைத்த கையோடு அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். அடுத்த பயணத்தில் விமான நிலைய லவுஞ்சின் வாசலில் அதை நீட்டினேன். அங்கிருந்த பெண் பொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு கும்பிடு போடாத குறையாக உள்ளே அனுப்பினாள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய், அவர்களுடைய சமையலறைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்ப்பவள் நான். சிங்க்குக்கு அடியில் டார்ச் அடிப்பேன். ஃபிரிட்ஜுக்குள் தலையை விடுவேன். உயரத் தொப்பி வைத்த சமையல்காரர்கள் என்னைக் கண்டால் நகத்தை ஒளித்துக்கொள்வார்கள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிபன் கடை நடத்துகிறார். அவருடைய அடுப்படிக்குள் நான் கால் வைக்கக் கூடாது என்பது கல்யாணமான மறுவாரமே போட்ட உடன்படிக்கை. "ஊட்டுக்கு நீ ராணி, அடுப்படிக்கு நான் ராசா. உள்ள வந்தீன்னா டார்ச்சப் புடுங்கி வெச்சுக்குவேன் புள்ள" என்பார்.

விமானத்தில் அடிக்கடி போகிறவர்களைக் கம்பெனிக்காரர்கள் நான்கு படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் படி நீலம். நீலம் என்றால் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். சில்வர் என்றால் பெட்டி கொஞ்சம் கூடுதலாகக் கொண்டு போகலாம். கோல்டு வந்துவிட்டால் தனி வரிசை, லவுஞ்சில் ஓசிச் சாப்பாடு, கூட ஒரு விருந்தாளியை அழைத்துக்கொண்டு போகலாம். பிளாட்டினம்காரர்களை நான் தூரத்தில் பார்த்ததோடு சரி, அவர்கள் பெட்டியைக்கூடத் தூக்கமாட்டார்கள். மேலே ஏற இரண்டு வழி உண்டு. அள்ளிச் செலவழித்து ஏறலாம், இல்லையென்றால் எத்தனை தடவை பறந்தீர்கள் என்று எண்ணி ஏற்றுவார்கள். என் கம்பெனி இருப்பதிலேயே மலிவான டிக்கெட் போடும் கம்பெனி. ஆகவே நான் தடவை எண்ணி ஏறியவள்.

சேலம் விமான நிலையத்தில் என் கோல்டு பவிசைப் பார்க்க வேண்டும். சின்ன விமானம், கொஞ்சம் பேர், எல்லோரும் வெயிலில் நடந்தே போய் ஏறுகிறோம். "முன்னுரிமைப் பயணிகள் முதலில் வரலாம்" என்று அறிவிப்பார்கள். நான் ஒருத்தி மட்டும் எழுந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, பட்டத்து யானை மாதிரி நடந்து போவேன். நான் போய் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடுவதற்குள் மற்றவர்களும் வந்துவிடுவார்கள். இருந்தாலும் அந்தச் சில நிமிஷத்துக்கு ஈடு உண்டா? வீட்டுக்கு வந்து அந்த அறிவிப்பை மூக்கால் பேசிக் காட்டுவேன். வீட்டுக்காரர் மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார்.

கேட்டுக் கேட்டு அவருக்கும் அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் கடையில் அதே மாதிரி படிகளைக் கொண்டுவந்தார். பில் மெஷினில் போன் நம்பரைத் தட்டினால் யார் எவ்வளவுக்குச் சாப்பிட்டார் என்று அதுவே சொல்லும். அதை வைத்து அட்டை. சேலத்தில் கொடுத்து நாலு கலரில் அடித்து வந்தார். சில்வர் என்றால் கேட்காமலே இரண்டாவது சட்னி. கோல்டு என்றால் தோசை முதலில் வரும். பிளாட்டினம் என்றால் தோசைக்கல்லுக்குப் பக்கத்து பெஞ்சு. ஏற்காட்டுக் காலைப் பனியில் அந்த பெஞ்சின் அருமை, அதில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். முதுகு சூடாகும், கை விறைப்பு விடும், தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும்.

ஊரே ஆடிப்போனது. மரியாதைப்பட்ட மனிதர்கள் எல்லாம் சட்னிக்காக அடித்துக்கொண்டார்கள். ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர், சில்வரிலிருந்து கோல்டுக்குக் கொஞ்சம் குறைகிறது என்று மாசக் கடைசியில் மூன்று பொங்கல் பார்சல் வாங்கி, வாசலில் இருந்த நாய்களுக்கு வைத்தார். நாய்கள் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து அவரைத் தேடின. லாட்ஜில் வேலை செய்யும் பையன்கள் ஐந்து பேர் ஒரே நம்பரில் சாப்பிட்டு, கிடைக்கப்போகிற கோல்டு அட்டை எந்த நாள் யார் சட்டைப்பையில் இருப்பது என்று இப்போதே முறை போட்டார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் வயிறு முட்டத் தின்றே பிளாட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகும். ஐயோ, என்ன சந்தோஷமான தை மாசம் அது!

இங்கேதான் டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரமங்கலத்திலிருந்து கிளம்பி, ஏற்காடு வந்து, சேலம் இறங்கும் முதல் பஸ்ஸின் டிரைவர் அவர். எங்கள் கடை திறந்த நாளிலிருந்து தினமும் பஸ்ஸைக் கடைக்கு எதிரில்தான் நிறுத்துவார். பஸ் நின்றால் ஜனம் இறங்கும், ஜனம் இறங்கினால் வியாபாரம். அதனால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பில் கிடையாது. பஸ் போகிற வழியில் கடை போட்டிருக்கும் எவரும் டிரைவரிடம் காசு வாங்கமாட்டார்கள், அது எல்லா ரோட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும் அது வியாபாரம் மட்டும் இல்லை. இவர் அவரை மாமா என்பார், அவர் இவரை மாப்ள என்பார். செம்மநத்தத்திலிருந்து எங்கள் கடைக்கு வாழையிலைக் கட்டு அவர் பஸ்ஸில்தான் வரும். தோசைக்கல்லுக்குப் பக்கத்து பெஞ்சில் அவர் உட்கார்ந்து, முதல் தோசை தின்றுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி மாப்ள" என்று சொன்னால்தான் என் வீட்டுக்காரருக்குப் பொழுது விடியும். உப்பு சரியாக இருந்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

நானும் ஒவ்வொரு பயணத்துக்கும் அந்த பஸ்ஸில்தான் மலை இறங்குவேன். டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் ஒற்றை சீட்டில் தன் துண்டைப் போட்டு எனக்காக வைத்திருப்பார்.

தை மாசக் கணக்கை முடித்து அட்டை கொடுக்கும் நாள் வந்தது. பில் மெஷினில் டிரைவர் நம்பரைத் தட்டினால் பூச்சியம். பில்லே போடாதவருக்கு வேறு என்ன வரும்? என் வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். மாமாவை விட்டுவிடக் கூடாதே என்று அவருக்கும் ஒரு அட்டை, தன் கையாலேயே பெயர் எழுதி வைத்திருந்தார். நீல அட்டை. காலையில் டிரைவர் உள்ளே வந்தபோது அவருடைய பெஞ்சில் ரைட்டர் உட்கார்ந்து முதல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கடை நிறைய ஆட்கள். என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக நீல அட்டையை நீட்டினார். டிரைவர் அதை வாங்கினார். மற்றவர்கள் கையில் இருந்த கலர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நொம்ப சந்தோசமுங்க மொதலாளி" என்றார்.

மாப்ள போய் முதலாளி வந்துவிட்டது. கூடவே ஒரு 'ங்க'. நேற்று வரை வா, போ என்றவர் 'ங்க' போட்டால் அந்நியராக்கிவிட்டார் என்று அர்த்தம்.

மறுநாள் பஸ் எங்கள் கடைக்கு எதிரில் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, வளைவை ஒட்டிய போண்டாக் கடைக்கு எதிரில் நின்றது. அதுகூடப் பரவாயில்லை. டிரைவர் அங்கே போண்டா தின்றுவிட்டுக் காசு கொடுத்தார். எங்கள் கடை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, கையை உயர்த்தி, எண்ணிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். வாழையிலைக் கட்டு மட்டும் தவறாமல் வந்தது, கண்டக்டர் கையில்.

"போயிக் கூப்புடுங்க" என்றேன்.

"ரூல்னா ரூலு. பில்லு இல்லாம எப்பிடி பிளாட்டினம் குடுக்கறது? நாளைக்கு ரைட்டர் கேட்டா என்ன சொல்றது?"

"அந்த ரைட்டரா உங்களுக்கு மாமா?"

கரண்டியை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போய்விட்டார். தினமும் முதல் தோசையைக் கல்லில் ஊற்றுவார், சுட்டு எடுத்து ஓரமாக ஒரு தட்டில் வைப்பார். பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகு அதை எடுத்துத் தானே தின்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அழுகையும் வரும். கடை நிறைய ஜனம் கோல்டு, சில்வர் என்று கும்மாளம் போட, கடைக்காரர் மட்டும் ஆறிப்போன தோசையைத் தின்றுகொண்டிருந்தார்.

இப்படியே மார்ச் கடைசி வந்தது. மாசம் முடிவதற்குள் நான் இன்னும் ஒரு முறை பறந்து திரும்பினால்தான் கோல்டு அடுத்த வருஷத்துக்கும் நிற்கும். இல்லையென்றால் சில்வருக்கு இறக்கிவிடுவார்கள். டிரைவருக்கு அட்டை கொடுத்த நாளிலிருந்து கம்பெனியில் எந்தச் சமையலறையும் அழுக்காகவில்லை, எனக்குப் பயணமே இல்லை. "சொந்தக் காசுல போயிட்டு வா புள்ள, கோல்ட உட்டுராத" என்று என்னைவிடத் துடித்தவர் வீட்டுக்காரர்தான். சேலத்திலிருந்து பெங்களூர், பெங்களூரில் இறங்கி அன்றே மறுபடி சேலம். வேலை என்று ஒன்றும் இல்லை. போவதே வேலை.

காலையில் போய் போண்டாக் கடை வாசலில் பஸ் ஏறினேன். ஒற்றை சீட்டில் துண்டு இல்லை. காலியாகத்தான் இருந்தது, ஆனால் துண்டு இல்லை.

"எங்க வேணா உக்காருங்க அம்மணி. நம்ம வண்டில அல்லாரும் ஒண்ணுதானுங்க" என்றார் டிரைவர், ரோட்டைப் பார்த்தபடியே.

நானும் விடுவேனா, அதே சீட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். முன்கண்ணாடிக்கு அடியில், பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் அந்த நீல அட்டை ஒட்டியிருந்தது. கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வளைவு தாண்டினோம். பிறகு அவரால் பொறுக்கவில்லை.

"எந்தூருக்குங்க பயணம்?"

"பெங்களூருங்க."

"எத்தன நாளைக்கு?"

"சாயங்காலம் வந்துருவேனுங்க. போயி எறங்கறது, திரும்பி ஏறறது. அவ்வளவுதான்."

"ஆபீஸ் வேலைங்களா?"

"ஒரு வேலையும் இல்லீங்க. இன்னொருக்கா பறக்கலீன்னா கோல்டு போயிரும்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது ஒரு சிரிப்பு. 'டிரைவருடன் பேசாதீர்' என்று எழுதிய பலகைக்கு அடியில், கொண்டை ஊசி வளைவில், ஸ்டியரிங்கை ஒடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்டக்டர் பின்னாலிருந்து என்ன என்ன என்று ஓடி வந்தார். விஷயம் சீட் சீட்டாகப் பின்னால் போய், கடைசி வரிசை வரை சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு வழி?

"சும்மா போயிட்டு சும்மா திரும்பி வர்றதுக்கா அம்மணி கோல்டு? அதத்தானுங்க நான் இத்தன வருசமா பண்ணிட்டிருக்கறேன்!" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு நீல அட்டையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. "எனக்கு நீலந்தான் குடுத்தாங்க" என்றார்.

விமானத்தில் ஏறியும் அந்தக் குரல் போகவில்லை. பெங்களூர் லவுஞ்சில் இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் பரிமாறுகிறவரின் நகத்தைப் பார்த்தேன், சுத்தம்தான். ஒரு வாய் வைத்ததும் சட்டென்று மண்டையில் உறைத்தது. போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, நான் எப்பிடி கோல்டு ஆனேன்?"

"என்ன புள்ள கேள்வி? பறந்துதான்."

"அள்ளிச் செலவு பண்ணியா, தடவ எண்ணியா?"

"தடவ எண்ணி. மேல போறதுக்கு ரெண்டு வழி இருக்குதுல்ல." விமானக் கம்பெனியின் படிக்கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"உங்க கடையில எத்தன வழி வெச்சீங்க?"

அந்தப் பக்கம் தோசைக்கல் சீறுவது மட்டும் கேட்டது.

"உங்க கடைக்கு நொம்ப தடவ வந்தது யாருங்க?" என்றேன்.

"தோச கருகுது புள்ள" என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் சேலத்தில் இறங்கி, அதே டிரைவரின் மலையேறும் பஸ்ஸைப் பிடித்தேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு நெருங்கியபோது டிரைவர் பிரேக்கை மிதித்தார். நடு ரோட்டில், எங்கள் கடைக்கு நேர் எதிரில், என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் காப்பி டம்ளர், இன்னொரு கையில் பிளாட்டினம் அட்டை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் பேசிக் காட்டும் அதே மூக்குக் குரலில், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"முன்னுரிமைப் பயணி மட்டும் மொதல்ல எறங்கலாமுங்க!"

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னங்க மொதலாளி, ரூலு மாறிப் போச்சுங்களா?"

"மாறலீங்க மாமா. ஒரு ரூல உட்டுப்போட்டேன். காசு கணக்கு மட்டும் பாத்தேன், தடவக் கணக்கப் பாக்கல. அதப் பாத்தா இந்த ஊருல உங்களத் தாண்ட ஆளில்ல." அட்டையை நீட்டினார். "காலம் பூரா பிளாட்டினம். ரைட்டர எழுப்பி உட்டாச்சு. வாங்க."

டிரைவர் யோசிப்பது போலத் தாடையைச் சொறிந்தார். "இதுக்குக் கூட ஒரு விருந்தாளியக் கூட்டிட்டு வரலாமாமே, அம்மணி சொன்னாங்க."

"வரலாமுங்க."

"எத்தன?"

"ஒண்ணுதானுங்க. ரூல்னா ரூலு."

"ஒண்ணு போதும்" என்றார் டிரைவர். ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். "இந்த வண்டிதான் என் விருந்தாளி."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கதவிலும் ஜனம் இறங்கியது. மாரமங்கலத்துக்காரர்கள், மிளகு விற்றுவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரி, கோழியைக் கூடையில் வைத்திருந்தவர், எல்லோரும் பிளாட்டினம் விருந்தாளி. என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நொடி தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! சில்வர் எது, கோல்டு எது என்று யாருக்கும் தெரியாத அளவுக்குக் கூட்டம். கோல்டு வாத்தியார் சாம்பார் வாளியைத் தூக்கினார். ரைட்டர் இலை போட்டார். தோசை மாவு தீர்ந்து, உப்புமா கிண்டி, அதுவும் தீர்ந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நான் அடுப்படிக்குள் புகுந்து சட்னி அரைத்தேன். உடன்படிக்கை பறந்தது. ராசா அதைக் கவனிக்கவே இல்லை.

டிரைவர் தன் பெஞ்சில் முதுகைச் சூடாக்கிக்கொண்டு தோசையை முடித்தார். "உப்பு ஒரு கல்லு கம்மி மாப்ள" என்றார்.

மாப்ள திரும்பி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கரண்டியோடு அப்படியே நின்றார். டிரைவர் பஸ்ஸிலிருந்து பெயர்த்தெடுத்து வந்த நீல அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"உன் ரூலு நல்ல ரூலு மாப்ள. அதயே நானும் வெச்சுப் பாத்தேன். இத்தன வருசத்துல நீ என் வண்டில எத்தன தடவ ஏறியிருக்க?"

என் வீட்டுக்காரர் எண்ண விரலை மடக்கப் போய், மடக்காமல் நிறுத்தினார். சரக்கு வாங்கச் சேலம் போனால் தன் மொபெட்டில் போவார், மற்ற நேரமெல்லாம் கடை. அந்த பஸ் எதிரில் நிற்பதைப் பார்த்ததோடு சரி.

"பூச்சியம்" என்றார் மெல்ல.

"பூச்சியத்துக்கு இதுதான்" என்று டிரைவர் நீல அட்டையை அவர் சட்டைப்பையில் செருகினார். கடையே கைதட்டியது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் குளித்து, கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தோசைக் கரண்டியை என் கையில் கொடுத்தார். "கடையப் பாத்துக்க புள்ள. டார்ச்ச மட்டும் எடுத்துராத" என்றார். பஸ் வந்து எங்கள் கடைக்கு எதிரில் நின்றது. முதல் தோசையை டிரைவருக்கு நான்தான் சுட்டுப் போட்டேன். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து போய் ஏறினார்கள். ஒற்றை சீட்டில் துண்டு போட்டிருந்தது. டிரைவர் அதை எடுத்து உதறிவிட்டு, "உக்காரு மாப்ள" என்றார்.

"எங்கீங்க?" என்று கண்டக்டர் கேட்டது எனக்குக் கடை வரை கேட்டது.

"சேலம் ஒண்ணு. அப்பறம் சேலத்துலருந்து இங்க ஒண்ணு."

"சேலத்துல என்ன சோலிங்க?"

"ஒரு சோலியும் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாக நீல அட்டையை நீட்டி மந்திரி மாதிரி எனக்குக் கையசைத்துக்கொண்டே போனார். நான் கரண்டியை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து போனில் சேதி வந்தது. விமானக் கம்பெனிதான், அடுத்த வருஷமும் நான் கோல்டு. மாவுக் கையோடு துள்ளிக் குதித்துத் திரும்பினேன். கடை நிறைய ஆட்கள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சேதியைக் கேட்டால் என்னோடு சேர்ந்து குதிக்க ஏற்காட்டில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவர் முதல் கொண்டை ஊசி வளைவில், முன்சீட்டில் உட்கார்ந்து, பூச்சியத்திலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்.